ஆட்டுப் படத்தில் விழுந்த நிழல்

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். ஈப்போவில், ஜெலாப்பாங் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது. விபத்து இல்லை, பேய் இல்லை, ஆற்றில் யாரும் அடித்துக்கொண்டு போகவில்லை. போனில் இருந்த ஆட்டுப் படங்கள் காணாமல் போயின, அவ்வளவுதான். இதையெல்லாம் ஒரு அனுபவம் என்று எழுத வந்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

முதலில் எங்கள் வீட்டுப் போன் கதையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா, அம்மா, நான், என் தங்கை. நான் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை செய்கிறேன். அப்பா எஸ்டேட் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் ரப்பராக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட தோட்டத்தின் ஓரத்தில் கொட்டகை போட்டு ஆடு வளர்க்கிறார். காலையிலும் சாயங்காலமும் மோட்டார் சைக்கிளில் போய் வருவார். அம்மாவுக்கு வீடும் கோயிலும் போதும்.

எங்கள் எல்லாருடைய போனையும் சரிசெய்து கொடுத்தது தங்கைதான். அப்பாவுக்கு ஒரு கணக்கு, அம்மாவுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகத் திறந்தால், கடவுச்சொல்லை மறந்துவிட்டு அவள் உயிரைத்தான் எடுப்பார்கள். அதனால் நாலு போனிலும் தன்னுடைய கணக்கையே போட்டுவிட்டாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கணக்கு. யார் எந்தப் படம் எடுத்தாலும் அது நேராகக் கிளவுடுக்குப் போய், அங்கிருந்து நாலு போனிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருத்தர் ஒரு படத்தை அழித்தால் நாலு போனிலும் அது போய்விடும்.

இதில் கூத்துக்குக் குறைவே இல்லை. ஸ்டோருக்கு வரும் பெட்டிகளில் உடைந்தது, நசுங்கியது, நனைந்தது எல்லாவற்றையும் நான் படம் எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பெட்டிகள் எல்லாம் அம்மாவின் போனில் போய் நிற்கும். அம்மாவின் காலை வணக்கங்களும் ரோஜாப்பூக்களும் என் போனில். மேலாளரிடம் ஒரு நசுங்கிய பெட்டியைக் காட்டலாம் என்று திறந்தால், அப்பாவின் கிடா தாடியோடு என்னை முறைக்கும். அப்பா எடுப்பதெல்லாம் ஆடுதான். மனிதர்களை எடுக்க மாட்டார், தன்னையும் எடுத்துக்கொள்ள மாட்டார். ஆடு மேய்வது, ஆடு படுத்திருப்பது, ஆடு சும்மா நிற்பது. ரோட்டோர ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கும்போது நண்பர்களிடம் காட்டிக் காட்டிப் பெருமைப்படுவார்.

அப்படிக் காட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் வினை வந்தது. அடுத்த ஆட்டைக் காட்ட விரலால் தள்ளியிருக்கிறார். ஆடு வரவில்லை. தங்கை மாலையோடு நிற்கும் படம் வந்தது. பக்கத்தில் மாலையோடு ஒரு சீனப் பையன். பின்னால் பதிவு அலுவலகத்துக் கொடி. எட்டிப் பார்த்த நண்பர், "என்னாங்க, மகளுக்கு ரெஜிஸ்டர் முடிஞ்சிருச்சா? ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டாராம். அப்பா என்ன பதில் சொன்னார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பையன் சிம்பாங் பூலாய்க்காரன். கேமரன் மலையிலிருந்து இறங்கும் காய்கறியை வாங்கி விற்கும் குடும்பம். நல்லவன். வீட்டில் சொன்னால் மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில், முதலில் பதிவு செய்துவிட்டுப் பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள். தோழி ஒருத்தி இவள் போனிலேயே படம் எடுத்திருக்கிறாள். அது நாலு போனுக்கும் போகும் என்ற நினைப்பே இவளுக்கு இல்லை. அவள் போட்ட கணக்கே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்பா வீட்டுக்கு வந்து கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அம்மாவிடம் மட்டும், "கட்டிக்கிட்டதுக்கு இல்ல. எவனோ சொல்லி நான் தெரிஞ்சிக்கிட்டேன் பாரு, அதுக்குத்தான்" என்றார். தங்கை வந்து காலடியில் உட்கார்ந்தபோது எழுந்து ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு சிம்பாங் பூலாய்க்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் பெயர் அப்பா வாயில் வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் வேறு நாட்டுக்குப் போய்விட்டவள் போலத்தான் இருந்தது.

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. "மொதல்ல அந்தக் கணக்கப் பிரிச்சித் தொலை. இன்னும் என்னென்னா வந்து விழப்போவுதோ" என்று போனில் திட்டினேன். "சரிக்கா" என்றாள். பிரிக்கவில்லை. அவள் சமைத்த மீன், அவள் வளர்த்த துளசி, கொஞ்ச நாளில் அவள் வயிறு, பிறகு ஒரு பெண் குழந்தை, எல்லாம் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், வேலைக்குப் போகும் பஸ்ஸில் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. அம்மாவோ கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு சிம்பாங் பூலாய்க்கே போய் வந்துகொண்டிருந்தார்.

குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்தபோது, சீனர்கள் வழக்கப்படி சிவப்புச் சாயம் போட்ட முட்டைகளைக் கொடுத்துவிட்டார்கள். அம்மா அதை அடுப்பங்கரையில் மூடி வைத்தார். மறுநாள் அப்பாவின் விரல் நுனியெல்லாம் சிவப்பாக இருந்தது. அடையாளத்துக்காக ஆட்டுக்குச் சாயம் அடித்திருப்பார் என்று நான் கண்டுகொள்ளவில்லை. மூளை அன்றைக்கு விடுமுறையில் போயிருந்தது போல.

அப்பாவின் போனிலும் ஆடுகளுக்கு நடுவே குழந்தை வரத்தான் செய்யும். ஒட்டுக்கடையில் யாராவது, "இது யாரு குழந்த?" என்று கேட்டால், "தெரியல. தானா வருது லா" என்று தள்ளிவிடுவாராம். அம்மா அதைக் கேள்விப்பட்டு அழுதார். கல் நெஞ்சக்காரர் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

இதற்கிடையில், இடம் நிரம்பிவிட்டது என்று போன் தொணதொணக்க ஆரம்பித்தது. அதிக இடம் வேண்டுமானால் மாதாமாதம் கட்டு என்றது. கட்டுகிற ஆளா நான்? மூடிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். கொஞ்ச நாள் புதுப் படம் எதுவும் வரவில்லை. பிறகு தானாகவே மறுபடியும் குழந்தை வர ஆரம்பித்தது. எப்படி வந்தது என்று யோசிக்கவே இல்லை.

பிறகுதான் ஆடுகள் காணாமல் போயிருந்ததைக் கவனித்தேன். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, தாடி வைத்த கிடா மேலாளர் முன்னால் முறைக்காது பாருங்கள். ஆனால் ஒருநாள் அப்பாவின் லாரிப் படத்தைத் தேடினேன். அவர் இளவயதில் லாரிப் படியில் ஒரு காலை வைத்து நிற்கும் பழைய படம். கையில் இருந்த ஒரே பிரதியைக் கறையான் அரித்துக்கொண்டிருந்ததால், மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற போனில் எடுத்து வைத்திருந்தேன். அதையும் காணோம். அப்பா நண்பர்களோடு தெலுக் இந்தானுக்கு மீன்பிடிக்கப் போனது, கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குக் கரண்டி பிடித்தது, எல்லாம் போயிருந்தன. தேடத் தேட அப்பாவின் படம் மட்டும்தான் இல்லை. அம்மாவின் ரோஜாப்பூ அப்படியே இருந்தது. என் உடைந்த பெட்டிகளும் அப்படியே இருந்தன.

எனக்கு உடனே தங்கைமேல் சந்தேகம். அதற்கு முந்தின மாதம்தான் குழந்தைக்குக் காது குத்தினார்கள். அப்பா வருவார் என்று கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அந்த ஆத்திரத்தில்தான் அப்பாவை வேரோடு பிடுங்கி எறிகிறாள் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டு, எடுத்த எடுப்பிலேயே பொரிந்து தள்ளினேன். பெத்தவர் படத்தை அழிக்கிற அளவுக்கு உனக்கு நெஞ்சழுத்தமா என்று என்னவெல்லாமோ கேட்டேன்.

அந்தப் பக்கம் விசும்பல்.

"அந்த ஆட்டுப் படத்த நான் ஏன்கா அழிக்கப்போறேன்? அதுக்காகத்தானே நான் கணக்கப் பிரிக்காமயே வச்சிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. ஆட்டில் என்ன இருக்கிறது என்றேன்.

"ஆட்டுல இல்லக்கா. அப்பா சாயங்காலம் வெயில முதுகுக்கு வச்சிதான் எடுப்பாரு. ஆட்டுக்கு முன்னால தரையில அப்பா நிழல் விழுந்திருக்கும். தொப்பி போட்டிருக்காரா, எளச்சிட்டாரா, நேரா நிக்கிறாரா, எல்லாம் அதுல தெரியும். தெனமும் அத பெருசாக்கிப் பாத்துட்டுத்தான் தூங்குவேன்."

அத்தனை ஆடுகளை அத்தனை நாள் பார்த்த எனக்கு அந்த நிழல் ஒரு தடவைகூடக் கண்ணில் பட்டதில்லை.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தொடர்ந்தாள். "நான் பாக்கிறது அப்பாவுக்குத் தெரிஞ்சிபோச்சி போலக்கா. என் கண்ணுல படக்கூடாதுன்னுதான் ஒண்ணொண்ணா அழிக்கிறாரு. பரவால்ல. இன்னிக்கு எங்க வீட்டுக்காரரு வந்ததும் கடவுச்சொல்ல மாத்திடுறேன். நீயே சொன்னதுதானே, அப்பவே பிரிச்சிருக்கணும்." வைத்துவிட்டாள்.

வெட்டித்தனமாகச் சண்டை போட்டு, இருந்த ஒரே நூலையும் நானே அறுத்துவிட்டேனே என்று எனக்குப் பதறியது. அழிந்த படங்களில் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று போனில் இருக்கும் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தேன். அழிக்கும் படங்கள் கொஞ்ச நாள் அதில்தான் கிடக்கும், வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உள்ளே ஆடுகள் இருந்தன. கடைசி சில வாரத்து ஆடுகள், அப்பாவின் மீன், அப்பாவின் கரண்டி. லாரி இல்லை. அதற்கு முந்தினதெல்லாம் தொட்டியிலிருந்தே போய்விட்டது. தங்கையின் படத்தையும் தேடினேன், ஒன்றுகூட இல்லை. குழந்தை கண்ணை மூடிக்கொண்டிருக்கும் படம், ஆடி அசைந்து மங்கலாகிப்போன படம், ஒன்றுமே தெரியாமல் இருட்டாக விழுந்த படம், எதையும் யாரும் அழிக்கவில்லை.

அப்பா கூடத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். போனை அவர் முன்னால் நீட்டினேன்.

"இது யாரு செஞ்சதுப்பா?"

பார்த்தார். கடலைத் தோலை ஊதினார். திருட்டுப் பூனை மாதிரி முழிப்பார் என்று நினைத்தேன், அப்படியெல்லாம் இல்லை. போன் கடைக்குப் போன கதையைச் சாவகாசமாகச் சொன்னார். படம் வராமல் நின்றுபோனதும் போன் ரோசாக் ஆகிவிட்டது, அதாவது கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். போன் நன்றாகத்தான் இருக்கிறது, இடம்தான் நிரம்பிவிட்டது, எதையாவது அழித்துத் தொட்டியையும் காலி செய்தால்தான் புதுசு வரும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"அதுக்கு உங்க படமாப்பா கெடச்சிது? லாரிப் படம் போச்சே!"

"லாரியே போயி எவ்வளவோ வருஷமாச்சி. படத்த வச்சி என்னா பண்றது?"

"ஆடு?"

"ஆடு எங்கயும் போவல. கொட்டாய்க்குப் போனா பாத்துக்குவேன்." ஒரு கடலையை உடைத்தார். சாப்பிடவில்லை. "அந்தப் புள்ளய நான் எங்க போயிப் பாப்பேன்?"

அம்மா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அந்த விரல் சிவப்பு ஆட்டுச் சாயம் இல்லை, முட்டைச் சாயம் என்று அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது. தானா வருது லா என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், தானாக வருவது நின்றுவிடக் கூடாது என்று தன் வாழ்க்கையைத் தவணை தவணையாக அழித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"என் பெட்டிய அழிச்சிருக்கலாமேப்பா. ஆயிரக்கணக்குல கெடக்கே."

"அது நீ வேலைக்கு எடுத்தது. நான் எப்படித் தொடுவேன்?"

இதற்குமேல் என்னால் முடியவில்லை. தங்கை சொன்னதை அப்படியே கொட்டினேன். தரையில் விழும் நிழலை, அதைப் பெரிதாக்கிப் பார்ப்பதை, இன்றைக்குக் கடவுச்சொல்லை மாற்றப்போவதை. அப்பா என் போனை வாங்கி ஒரு ஆட்டைத் திறந்தார். ஆட்டுக்கு முன்னால், புல்லின்மேல், தொப்பி போட்ட ஒரு நிழல் நீளமாக விழுந்திருந்தது. அவரும் அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"மாத்த வேணான்னு சொல்லு" என்றார்.

"நீங்களே சொல்லுங்க."

சொல்லவில்லை. எழுந்து சட்டையை மாட்டினார். "வா, கொட்டாய்க்குப் போலாம்" என்றார். எனக்கு ஆட்டு வாசனையே ஆகாது. ஆனாலும் மறுபேச்சுப் பேசாமல் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

கொட்டகை வாசலில் தாடிக் கிடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொப்பியைக் கழற்றினார். தலையை ஒரு தடவை கையால் கோதிக்கொண்டு, வெயில் முகத்தில் விழும்படி திரும்பினார். "ம், எடு. நிழல் வேணாம், ஆளு தெரியட்டும்" என்றார். எடுத்தேன்.

எடுத்தால் போதுமா, போக வேண்டுமே. இடம் இல்லை என்று போன் அடம்பிடித்தது. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து என் பெட்டிகளை அழிக்க ஆரம்பித்தேன். அலுவலகக் கணினியில் எல்லாவற்றுக்கும் பிரதி இருக்கிறது, சோம்பேறித்தனத்தால்தான் போனில் வைத்திருந்தேன். நசுங்கியது, நனைந்தது, மூலை உடைந்தது, எல்லாவற்றையும் கொத்துக் கொத்தாக அழித்தேன். அதற்கு முன்னால் ஆடுகளைத் தொட்டியிலிருந்து வெளியே எடுக்க மறக்கவில்லை. கடைசியில் தொட்டியைக் காலி செய்தேன். செம்பனைக்கு நடுவில் லைன் விட்டு விட்டு வந்தது. அப்பா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குள் அவள் மாற்றிவிட்டிருந்தால் என்ன செய்வது என்று திரையை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. அந்தச் சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி ஒருவழியாக நின்றது. படம் போய்ச் சேர்ந்துவிட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆடுகள் கத்தின. பிறகு அப்பாவின் போனிலும் என் போனிலும் ஒன்றாக ஒரு புதுப் படம் வந்து விழுந்தது. மேசைமேல் தங்கையின் போன் நிற்கிறது. அதில் கிடாவோடு அப்பா. அந்தத் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதில் வாயை வைத்துக் கடிக்கப் பார்க்கிறாள் குழந்தை. தங்கை தன் புருஷனின் போனில் எடுத்துத் தன் போனுக்கு வாங்கி அனுப்பியிருக்கிறாள்.

அப்பா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்காமல், அவள் எண்ணைத் தட்டினார். ஒன்றரை வருஷமாக அவர் தொடாத எண் அது. அவள் எடுத்தாள். அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வெயில் தாழ வாங்க. மருமகனையும் கூட்டிட்டு வா. புள்ளைக்குத் தொப்பி போடு, இங்க காத்து அதிகம்."

அவ்வளவுதான் பேசினார். மன்னிப்பு, விளக்கம், கேள்வி எதுவும் இல்லை. அதற்குள் ஓடிப்போய்க் கொட்டகை வாசலைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார்.

அம்மாவையும் ஏற்றிக்கொண்டு அவர்கள் வந்து இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. மருமகன் பெட்டி நிறைய கோஸும் கேரட்டும் தூக்கிக்கொண்டு வந்து, சொல்லிப் பழகிய தமிழில், "அப்பா, சாப்டாச்சா?" என்றான். அப்பா, "ஆச்சிய்யா" என்றார். தங்கை முன்னால் வரப் பயந்து கார் கதவைப் பிடித்தபடியே நின்றாள். அப்பா போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டார். குழந்தை அவரைப் பார்த்து அழவில்லை. கிடாவைப் பார்த்துத்தான் வீறிட்டாள். அப்பா அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, இன்னொரு கையால் தங்கையின் தலையைத் தொட்டார். அங்கே ஐந்து பேரிடமும் போன் இருந்தது. ஒருத்தருக்கும் எடுக்கத் தோன்றவில்லை. அந்த நேரத்துப் படம் இன்றைக்கும் எங்கள் யாரிடமும் இல்லை.

கணக்கை நாங்கள் இன்னும் பிரிக்கவில்லை. மருமகனும் சேர்ந்துகொண்டதால் இப்போது முட்டைக்கோஸ் படமும் வருகிறது. லாரிப் படம் மட்டும் போனது போனதுதான், கறையான் மிச்சத்தையும் தின்றுவிட்டது. நான் அதைச் சொல்லி வருத்தப்பட்டால் அப்பா சிரிக்கிறார். ஒட்டுக்கடையில் யாராவது குழந்தையைப் பற்றிக் கேட்டால், கேட்டவர் எழுந்து ஓடும்வரை காட்டுகிறாராம். இடம் நிரம்பிவிட்டது என்று போன் மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்கிறது. அப்படிச் சொல்லும்போதெல்லாம், அழிப்பதற்கு நான் முதலில் தேடுவது என்னுடையதைத்தான்.